பன்னி நாய் வர்க்கம்னு சொல்லி விக்கிறாங்க: குட்டி வாங்குறதுக்கு முன்னாடி வர்க்கத்தை எப்படி எடை போடுறது?

எழுமலைச் சம்சாரி

எல்லாருக்கும் வணக்கம். எழுமலைக்கு மேற்க மலையடிவாரத்துல எங்களுக்கு 4 ஏக்கர். ரெண்டுல மக்காச்சோளம், ஒண்ணரையில கடலை, மிச்சத்துல தென்னங்கன்னு. போன மாசம் ஒரே ராத்திரியில கடலைக்காட்டுல பாதியைக் காட்டுப்பன்னி கிண்டிப் போட்டுருச்சு. வெள்ளன போய்ப் பார்த்தா ஏர் பூட்டி உழுத மாதிரி கிடக்கு. செடியெல்லாம் மல்லாந்து கிடக்க, கடலையை மட்டும் மென்னு தொலியைத் துப்பியிருக்கு. எங்க அம்மா வரப்புல உக்காந்துட்டு ஒரு வார்த்தை பேசல.

சுத்தி சேலை கட்டிப் பார்த்தாச்சு, சலூன்ல முடி வாங்கிப் போட்டுப் பார்த்தாச்சு. ஒரு வாரம் மிரளுது, அப்புறம் பழகிருது. வேலியில கரண்டு விடுற வேலைக்கு நான் போகமாட்டேன். வீட்டுல ஒரு நாட்டு நாய் இருக்கு. வயசாயிருச்சு, திண்ணையில இருந்தே குரைக்கும்.

இப்ப தேனிப் பக்கம் ஒருத்தர் கோம்பை இன நாய்க்குட்டி இருக்குன்னு சொல்றார். "மூணு தலைமுறையா பன்னி பிடிச்ச ரத்தம், வர்க்கத்துல ஒண்ணுகூட சோடை போனதில்ல"ன்னு சொல்றார். குட்டி 18,000 ரூபா. அப்பன் நாய் வீடியோ அனுப்பினார், நல்ல செவலை, கருமூஞ்சி, நெஞ்சு அகலம், ஒரு பன்னியைக் காதோட கவ்விக்கிட்டு நிக்குது. 7 குட்டி, 40 நாள் ஆகுதாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள 5,000 அட்வான்ஸ் போடலைன்னா வேற ஆளுக்குப் போயிரும்ங்கிறார்.

எனக்குப் பன்னியைக் கொல்லணும்னு இல்ல. காட்டுக்குள்ள இறங்காம இருந்தா போதும். வர்க்கம்னு ஒருத்தர் சொல்றது நெசமா இல்லையான்னு எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உத்தமபாளையம் பழைய கை

தம்பி, முதல்ல அட்வான்ஸ் போடாதீங்க. அவசரப்படுத்துறவன்கிட்ட நாய் வாங்கி நல்லா இருந்தவனை என் 35 வருச வளர்ப்புல நான் பார்த்ததில்ல.

கோம்பை எங்க ஊருப் பக்கத்து நாய். அதனால சொல்றேன், ஒரு நாய் பன்னி பிடிச்சா அது அந்த நாயோட கெட்டிக்காரத்தனம். அதோட குட்டி ஆறு வீட்டுக்குப் போய், அங்க வளர்க்கத் தெரியாதவன் கையிலயும் நாலு குட்டி வேலை செஞ்சா, அதுக்குப் பேருதான் வர்க்கம். அதனால அப்பன் நாயைப் பார்க்க ஓடாதீங்க. விக்கிறவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "போன ஈத்துக் குட்டிகள் இப்ப யார் யார் வீட்டுல இருக்கு? முகவரி குடுங்க, நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்." நல்ல வளர்ப்புக்காரனுக்கு இந்தக் கேள்வி சந்தோசம். ஒவ்வொரு குட்டியும் எங்க இருக்கு, என்ன செய்யுதுன்னு விரல்விட்டுச் சொல்லுவான். செத்ததையும் சொல்லுவான், சோடை போனதையும் சொல்லுவான். "ஒண்ணுகூட சோடை போனதில்ல"ன்னு சொன்னார்னு எழுதியிருக்கீங்களே, அந்த ஒரு வார்த்தையே எனக்கு இடிக்குது. சோடை போகாத வர்க்கம் உலகத்துல கிடையாது.

ரெண்டாவது, பொட்டையைப் பாருங்க. எல்லாரும் ஆண் நாயைத்தான் கயித்துல கட்டி முன்னாடி நிறுத்துவாங்க. குட்டி 8 வாரம் தாய்கூடத்தான் கிடக்குது. ஆள் வந்தா கட்டிலுக்கு அடியில ஒளியிற தாய்கிட்ட குட்டி கத்துக்கிறதும் அதுதான். தாயை நடுப்பகல்ல பார்க்காதீங்க, வெயில்ல எல்லா நாயும் ஒரே மாதிரி படுத்துக் கிடக்கும். பொழுது சாயிற நேரம், சொல்லாம கொள்ளாமப் போங்க. வேலிக்கு வெளிய நிக்கும்போதே உங்களை முதல்ல மோந்துச்சா, பார்த்துச்சா, கேட்டுச்சான்னு கவனிங்க. ராத்திரிக் காவலுக்கு மூக்கும் காதும்தான் முக்கியம்.

பாதத்தைத் தூக்கிப் பாருங்க. உங்க பக்கம் சரளைக் காடு. பாதம் தட்டையா விரல் விரிஞ்சு இருந்தா மழைக்காலத்துக்குள்ள நொண்டும். விரல் சேர்ந்து, மெத்தை தடிப்பா இருக்கணும். வாயைத் திறந்து மேப்பல்லும் கீழ்ப்பல்லும் சேருதான்னு பாருங்க. இதெல்லாம் அரை நிமிச வேலை. முதல் கேள்விதான் பெரிய வேலை, அதுக்கு ரெண்டு நாள் பஸ் ஏறி அலையணும்.

சாப்டூர் தோட்டம்

அண்ணே, நான் "துணிச்சல் வர்க்கம்"னு வாங்கி நொந்தவன், அதனால எழுதுறேன்.

3 வருசத்துக்கு முன்னாடி 22,000 குடுத்து ஒண்ணரை வயசு நாயா வாங்குனேன். யார்கிட்டன்னு இங்க எழுதல. பயமே தெரியாது அதுக்கு. முதல் ரெண்டு மாசம் ஊரே வந்து பார்த்துச்சு. மூணாவது மாசம் ஒரு ராத்திரி ஓடைக்குள்ள ஒத்தைப் பன்னி, தந்தம் வச்ச கெழட்டு ஆம்பளைப் பன்னி. நாய் நேரா மூஞ்சிக்குப் போச்சு. பன்னி தலையைக் கீழ போட்டு ஒரு பக்கமா ஒரே இழுப்பு இழுத்துச்சு. சத்தம்கூட அதிகமா வரல. நான் டார்ச் எடுத்துக்கிட்டுப் போறதுக்குள்ள நாய் தானே நடந்து என்கிட்ட வந்துச்சு, வாலை ஆட்டிக்கிட்டே. விலாவுக்குக் கீழ ஒரு சாண் நீளத்துக்குத் திறந்து கிடந்துச்சு, குடல் வெளிய தெரியுது. துண்டை நனைச்சுச் சுத்தி, டூ வீலர்ல நடுவுல வச்சுக் கொண்டுபோனோம். தையல் போட்டாங்க. மூணாம் நாள் போயிருச்சு.

அப்புறம்தான் விசாரிச்சேன். அதோட கூடப் பிறந்ததுல இன்னும் ரெண்டு இதே மாதிரி செத்திருக்கு. விக்கிறவர் அதைத்தான் துணிச்சல்னு சொல்லி வித்திருக்கார். பின்வாங்கத் தெரியாத ரத்தம் அது. துணிச்சல் வேற, புத்தி வேற அண்ணே. நீங்க வர்க்கம் பார்க்கும்போது "எத்தனை பன்னி பிடிச்சுச்சு"ன்னு கேட்காதீங்க. "இந்த வர்க்கத்துல நாய் எத்தனை வயசு வரைக்கும் உசிரோட இருந்துச்சு"ன்னு கேளுங்க. 8 வயசு, 9 வயசுல உடம்புல பெரிய தழும்பு இல்லாம ஒரு நாய் இன்னும் தோட்டத்துல சுத்துதுன்னா, அந்த ரத்தத்தைத் தேடிப் போங்க.

அவுட்டுக்காய் பயமும் இருக்கு. மாவுக்குள்ள வெடியை வச்சுப் பன்னிக்குப் போடுற பாவிங்க இன்னும் இருக்காங்க. கண்டதையும் கவ்வுற நாய்க்கு வாய் போயிரும். கீழ கிடக்குறதைத் தொடாத பழக்கம் குட்டியில இருந்தே வேணும்.

வாடிப்பட்டி வக்கீல்

இழையைத் தொடங்கிய நண்பர் பன்றியைக் கொல்ல வேண்டாம் என்று சொன்னது நல்லது. ஆனாலும் படிக்கிற மற்றவர்களுக்காகச் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்.

காட்டுப்பன்றி 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. 2022இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. சட்டத்தில் வேட்டை என்பது கொல்வது மட்டும் அல்ல. துரத்திப் பிடிப்பது, கண்ணி வைப்பது, வலை கட்டுவது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். நாயை விட்டுப் பன்றி பிடித்து அதை வீடியோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறவர், தனக்கு எதிரான சாட்சியைத் தானே அனுப்புகிறார். அந்த வீடியோவைப் பார்த்துக் குட்டி வாங்குவதும், அதை நாலு பேருக்கு அனுப்புவதும் வேண்டாம். சிவராத்திரிக்கு முயல் வேட்டைக்குப் போய் நாயும் வலையுமாக மாட்டிக்கொண்டு, வனத்துறை அலுவலகத்தில் நின்றவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்!

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு எடுத்த முடிவு பலருக்கும் தப்பாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றியைச் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறையினர் மட்டுமே. 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதியே கிடையாது. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். எழுமலை அடிவாரம் என்றால் நீங்கள் எந்த எல்லைக்குள் வருகிறீர்கள் என்று வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். பயிர்ச் சேதத்துக்கும் அங்கேயே மனு கொடுங்கள். கிண்டிப்போட்ட காட்டைப் படம் எடுத்து வைத்திருக்கிறீர்களா?

நாய் விற்பவருக்கும் சட்டம் உண்டு. 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஒரு பொட்டை நாய் வருடத்துக்கு ஓர் ஈத்துக்கு மேல் போகக் கூடாது. பதிவு எண்ணைக் கேட்டாலே பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள்.

எழுமலைச் சம்சாரி

வக்கீல் சார், படம் எடுத்து வச்சிருக்கேன். திங்கக்கிழமை சரக அலுவலகம் போறேன். வீடியோவை அழிச்சுட்டேன்.

சாப்டூர் அண்ணே, படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் ஓடல. 5,000 போட இருந்தவன் நிறுத்திட்டேன். விக்கிறவர்கிட்ட முகவரி கேட்டேன், "அதெல்லாம் எதுக்கு தம்பி"ன்னார். திரும்பத் திரும்பக் கேட்டதுக்கு 3 பேர் நம்பர் குடுத்தார்.

ஹூஸ்டன் உசிலம்பட்டியான்

நான் உசிலம்பட்டிக்காரன், டெக்சாஸ்ல வேலை. இங்க கூட வேலை பார்க்குற ஒரு வெள்ளக்காரர் குடும்பமே பன்னிக்கு நாய் வளர்க்குறவங்க. அவரோட பல ராத்திரி போயிருக்கேன். இங்க உள்ள நிலைமை வேற, அதை முதல்ல சொல்லிடுறேன். இங்க அது காட்டு விலங்கே இல்ல. ஸ்பானியர்கள் கொண்டுவந்த வீட்டுப் பன்னி காட்டுல விட்டுப் பெருகினது, அப்புறம் கொண்டுவந்த ஐரோப்பியக் காட்டுப் பன்னியோட கலந்தது. 2019 செப்டம்பர்ல இருந்து டெக்சாஸ்ல தனியார் நிலத்துல நிலக்காரர் சம்மதிச்சா அதை வேட்டையாட லைசென்ஸே வேணாம். நம்ம ஊர்ல அதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனா இவங்க ரத்தம் பார்க்குற விதத்துல நமக்கு எடுத்துக்க நிறைய இருக்கு.

இவங்க நாயை ரெண்டாப் பிரிப்பாங்க. ஒண்ணு வளைச்சு நின்னு குரைக்கிற நாய். கேட்டஹூலா, பிளாக் மவுத் கர், பிளாட் ஹவுண்ட் மாதிரி. பன்னியை மோப்பம் பிடிச்சுக் கண்டுபிடிச்சு, அது ஓடாதபடி முன்னாடி நின்னு ஆள் வர்ற வரைக்கும் குரைக்கும். இன்னொண்ணு கவ்வுற நாய். அமெரிக்கன் புல்டாக் மாதிரி. அதைக் கயித்துலயே வச்சிருந்து, கடைசியில தடிமனான கவசம் போட்டு விடுவாங்க. ரெண்டு வேலைக்கும் ரெண்டு ரத்தம். சம்சாரி வாங்கப் போற வீடியோ நாய் கவ்வுற நாய். அவருக்கு வேண்டியது குரைக்கிற நாய். இதுதான் எனக்குப் பெரிய விசயமாத் தெரியுது.

குரைக்கிற நாயிலயும் உரசிக்கிட்டுக் குரைக்கிறது ஒண்ணு, தள்ளி நின்னு குரைக்கிறது ஒண்ணு. தள்ளி நிக்கிறது ரத்தத்துலயே வரும்னு இங்க எல்லாரும் சத்தியம் பண்ணுவாங்க. காவலுக்கு அதுதான் வேணும்.

வாங்குறதுக்கு முன்னாடி இவங்க கேட்குற கேள்விகளை அந்த வெள்ளக்காரர்கிட்டயே கேட்டு எழுதுறேன். இந்த வர்க்கத்துக் குட்டி எந்த வயசுல வேலையைத் தொடங்கும்? சில ரத்தம் 7, 8 மாசத்துல தொடங்கும், சிலது 2 வயசு வரைக்கும் விளையாட்டுத்தனமாவே இருக்கும், அதுக்கு அப்புறம் பொன்னா வரும். தெரியாம வாங்குனவன் ஒரு வருசத்துல வெறுத்துப் போய் வித்துடுவான். மூக்கு எவ்வளவு பழைய வாசத்தைப் பிடிக்கும்? இப்பத்தான் போன தடத்தை எந்த நாயும் பிடிக்கும், சாயங்காலம் போன தடத்தை நடுராத்திரி பிடிக்கிற மூக்கு வேற. எவ்வளவு தூரம் போகும், கூப்பிட்டா திரும்புமா? மான், மாடு பின்னாடி ஓடுமா? அப்புறம் ரொம்ப முக்கியம், பட்டிக்குள்ள அடைச்ச பன்னி முன்னாடி நாயைக் காட்டினா இவங்க காசு எடுக்கவே மாட்டாங்க. ஓட இடமில்லாத பன்னி முன்னாடி எந்த நாயும் சூரன்தான். காட்டுல தானாக் கண்டுபிடிக்குதான்னு ரெண்டு ராத்திரி கூடப் போய்ப் பார்த்துட்டுத்தான் விலை பேசுவாங்க.

கேட்டஹூலால ஒரு எச்சரிக்கையும் உண்டு. பலதுக்கு உடம்பு முழுக்கச் சாம்பல் திட்டா இருக்கும், பார்க்க அழகு. அந்தத் திட்டு நிறம் உள்ள ரெண்டை இணை சேர்த்தா சராசரியா நாலுல ஒரு குட்டி ரெண்டு பக்கமும் அந்த மரபணுவை வாங்கிரும், அது செவிடோ குருடோ ஆக வாய்ப்பு அதிகம். நிறத்துக்கு ஆசைப்பட்டு ரத்தத்தைக் கெடுத்தவங்க இங்கயும் இருக்காங்க.

கால்நடை மருத்துவர், திருமங்கலம்

ஹூஸ்டன் நண்பர் நிறத்தைச் சொன்னதால் தொடர்கிறேன். நம் ராஜபாளையம் நாயில் அதே பிரச்சினை வேறு வழியில் உண்டு. பால் வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில் பிறவிச் செவிடு சேர்ந்து வருகிறது. உள்காதில் நிறமிச் செல் இல்லாவிட்டால் அங்குள்ள கேட்கும் செல்கள் பிறந்த சில வாரங்களில் அழிந்துவிடும். கோம்பை செவலை என்பதால் ஆபத்து குறைவு. ஆனால் கோம்பைக் குட்டியில் தலையிலும் காதிலும் வெள்ளை ஏறியிருந்தால் எதைக் கலந்தார்கள் என்று கேளுங்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம். 5 வாரத்துக்கு மேல் ஆன குட்டிகள் தூங்கும்போது, அவற்றின் பார்வை படாத இடத்தில் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஒரு தட்டு தட்டுங்கள். தரையில் வைத்துத் தட்டக் கூடாது, அதிர்வு காலில் தெரிந்துவிடும். காற்று முகத்தில் படக் கூடாது. ஒவ்வொரு குட்டியாகத் தனியே செய்யவேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துக் குட்டி எழுந்ததைப் பார்த்து இதுவும் எழும். ஒரு காது மட்டும் செவிடான குட்டி இதில் தப்பிவிடும். அது சத்தத்தைக் கேட்கும், ஆனால் எந்தத் திசை என்று தெரியாமல் தலையை அங்கும் இங்கும் திருப்பும். ராத்திரிக் காவலுக்கு அது உதவாது.

அடுத்தது உள்ளுக்குள்ளேயே இணை சேர்ப்பது. "சுத்த ரத்தம்" என்று பெருமையாகச் சொல்வது பல நேரம் இதைத்தான். அப்பனும் மகளும், அண்ணனும் தங்கையும் சேர்ந்தால் அந்தக் குட்டியின் மரபணுவில் கால் பங்கு, அதாவது 25 சதவீதம், இரண்டு பக்கமும் ஒரே மூலத்திலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்பு. தாயோ தகப்பனோ மட்டும் ஒன்றானால் 12.5. அத்தை மகன், மாமன் மகள் மாதிரி உறவானால் 6.25. ஒளிந்து கிடக்கும் குறை இப்படித்தான் வெளியே வரும். ஈத்துக்கு 8 போட்ட வர்க்கம் 4 போட ஆரம்பித்தால், குட்டிகள் முதல் வாரத்திலேயே செத்தால், விதை இறங்காத ஆண் குட்டிகள் வந்தால், தோல் நோய் விடாமல் இருந்தால் அந்த ரத்தம் நெருங்கிவிட்டது என்று பொருள். ஒரு தாளில் அப்பன் பக்கம் 3 தலைமுறை, தாய் பக்கம் 3 தலைமுறை எழுதித் தரச் சொல்லுங்கள். மொத்தம் 14 பெயர் வரவேண்டும். ஒரே பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள்.

தடுப்பூசி அட்டையையும் கேளுங்கள். 6 முதல் 8 வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் ஊசி தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம் வரை போடவேண்டும். வெறிநோய் ஊசி 3 மாதத்தில். பன்றி புழங்கும் ஓடைத் தண்ணீரில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கும், அதற்கும் சேர்த்துப் போடுங்கள்.

சிப்பிப்பாறை, டி.கல்லுப்பட்டி

சர்டிபிகேட் பத்தி யாரும் சொல்லல. ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் மூணும் கர்நால்ல இருக்குற தேசிய விலங்கு மரபுவள நிறுவனத்துல முறையாப் பதிவான இனம். கென்னல் கிளப் குடுக்குற வம்சாவளிப் பேப்பரும், தோலுக்குள்ள வைக்கிற அடையாளச் சிப்பும் இருந்தா அப்பன் ஆத்தா யாருன்னு உறுதி. பேப்பர் இல்லாத நாய்க்கு வர்க்கம் பேசுறதே வீண்னு நான் நினைக்கிறேன்.

அப்புறம் யாராவது சிப்பிப்பாறை, கன்னி வாங்கச் சொன்னா வேணாம் தம்பி. என் நாய்களை நான் உசிரா வளர்க்குறேன், ஆனா அது கண்ணால பார்த்து ஓடுற நாய். தோல் காகிதம் மாதிரி. இருட்டுல முள்ளுக்குள்ள பன்னிகிட்ட விட்டா அது பாவம்.

உத்தமபாளையம் பழைய கை

கல்லுப்பட்டி நண்பருக்கு மரியாதையோட ஒரு மறுப்பு. பேப்பர் பிறப்பைச் சொல்லும், வேலையைச் சொல்லாது. 2020 ஆகஸ்டுல பிரதமர் வானொலியில ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு பேர் சொன்னதுக்கு அப்புறம் எங்க பக்கம் விலை ஒரே தூக்கா ஏறுச்சு. பேப்பரும் வந்துச்சு, அழகுப் போட்டிக் கோப்பையும் வந்துச்சு. தோட்டத்துல ராத்திரி முழிச்சிருக்குற நாய் கூடல. டாக்டரம்மா சொன்ன 14 பேரைப் பேப்பர் இல்லாமலேயே மனப்பாடமாச் சொல்ற கிழவனுங்க எங்க ஊர்ல இருந்தாங்க. பேப்பர் இருந்தா நல்லது. அதை வாங்கி மடிச்சு வச்சுட்டு, போன ஈத்து வீட்டுக்குப் போங்க.

சிப்பிப்பாறை, டி.கல்லுப்பட்டி

அந்த 14 பேரும் உண்மைன்னு யார் சாட்சி அண்ணே? கிழவனுங்க காலம் போச்சு. நான் பேப்பரை விடமாட்டேன்.

மேலூர்க் கிடை

எங்களுக்கு ஆட்டுக்கிடை. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். பன்னி விரட்டுற ரத்தம் ஆட்டைக் கடிக்குமான்னு பாருங்க. பன்னி வருசத்துல பத்து ராத்திரி வரும், ஆடு தினமும் வரும். ஒரு நாய் ஊர்ல ரெண்டு ஆட்டைக் கொன்னுச்சுன்னா பஞ்சாயத்து, அபராதம், கடைசியில நாய்க்கு யாராச்சும் விஷம் வைப்பாங்க. தாய் நாயை வச்சிருக்குற வீட்டுல கோழி, ஆடு அவுத்து விட்டிருக்காங்களான்னு கவனிங்க. கோழி நாய் மேல ஏறி நடந்தா கண்ணை மூடிக்கிட்டு அந்த வீட்டுல குட்டி எடுக்கலாம்.

எழுமலைச் சம்சாரி

9 நாள் கழிச்சு எழுதுறேன். போய்ட்டு வந்தேன்.

முதல்ல விக்கிறவர் வீடு. பொழுது சாயப் போனேன். தாயைக் காட்ட மூணு தடவை கேட்க வேண்டியதாப் போச்சு. பின்னாடி தகரக் கொட்டகையில கிடக்கு. விலா எலும்பை எண்ணலாம், காம்பு தொங்கிப் போய், பக்கத்துல போனா தலையைத் தூக்கிப் பார்த்துட்டுத் திரும்பப் போட்டுக்கிச்சு. 10 மாசத்துல இது ரெண்டாவது ஈத்து. தாள்ல பேர் எழுதச் சொன்னேன். 6 பேருக்கு மேல அவருக்கே தெரியல. அந்த ஆறுலயே அப்பன் நாயோட பேரும் தாயோட அப்பன் பேரும் ஒண்ணு. டாக்டரம்மா சொன்ன 25. "அதான் தம்பி சுத்த ரத்தம்"னார். தட்டு தட்டிப் பார்க்கணும்னேன், கோவம் வந்துருச்சு. வந்துட்டேன். குட்டியைப் பார்த்தப்ப மனசு அடிச்சுக்கிச்சு, அது என்ன பாவம் பண்ணுச்சு.

அவர் குடுத்த 3 நம்பர் மூணு வருசத்துக்கு முந்தின ஈத்து. அதே தாய், ஆனா அப்பன் வேற, போடியில இருந்து வந்த நாயாம்.

முதல் வீட்டுல சங்கிலியில கட்டியே கிடக்கு, 2 ஆடு கடிச்சிருக்கு. ரெண்டாவது வீட்டுல நாய் இல்ல. ஒரு ராத்திரி வேலி தாண்டிப் போனது திரும்பல. மூணாவது ஆண்டிபட்டி கணவாய் தாண்டி ஒரு வாழைத் தோட்டம். அப்பத்தா ஒருத்தவங்க, பேரன் திருப்பூர் போயிட்டான், தனியா இருக்காங்க. பொட்டை நாய், மூணு வயசு, பேரு செவலி. அப்பத்தா "எதுக்குய்யா ராத்திரி பஸ்ஸுல அலையுற, படு"ன்னு கட்டிலைப் போட்டுக் குடுத்தாங்க. மேலூர் அண்ணன் சொன்ன மாதிரி கோழி அது முதுகு மேல ஏறித்தான் திண்ணைக்குப் போகுது.

ராத்திரி 1 மணி இருக்கும். செவலி குரைக்கல. தலையைத் தூக்கி ஓடைப் பக்கம் மூக்கை வச்சு அப்படியே நின்னுச்சு, காது ரெண்டும் முன்னால. அரை நிமிசம். அப்புறம் வாழைக்குள்ள சத்தமில்லாமப் போச்சு. கொஞ்ச நேரத்துல ஒரே இடத்துல நின்னு விட்டு விட்டுக் குரைக்கிற சத்தம். அப்பத்தா படுத்துக்கிட்டே "பன்னிதான்"னாங்க. நாய் வேத்தாளுக்கு வேற மாதிரி குரைக்குமாம். நான் டார்ச் அடிச்சு வரப்புல ஏறி நின்னு பார்த்தேன். பன்னி ஒண்ணு உறுமிக்கிட்டு முன்னாடி பாயுது, செவலி பக்கவாட்டுல ஒதுங்கி இருபதடி பின்னால போய்த் திரும்ப நின்னு குரைக்குது. திரும்பப் பாயுது, திரும்ப ஒதுங்குது. கடிக்கவே இல்ல. நாலஞ்சு தடவையில பன்னிக்கு அலுத்துப் போச்சு, வேலிச் சந்துல முள்ளை முறிச்சுக்கிட்டுப் போயிருச்சு. செவலி அந்தச் சந்துகிட்ட ரொம்ப நேரம் நின்னுச்சு. கால் மணி நேரம் கழிச்சு வந்து தொட்டியில தண்ணி குடிச்சுட்டு என் கட்டிலுக்குக் கீழ படுத்துக்கிச்சு. காலையில தடவிப் பார்த்தேன். இடது காதுல ஒரு சின்னக் கிழிசல், வேற தழும்பு கிடையாது.

எனக்கு வேண்டியது இதுதான். அப்பத்தாகிட்ட கேட்டேன், செவலி இன்னும் குட்டி போடல. நல்ல ஆண் நாய் சேர்த்தா ஒரு குட்டி தர்றேங்கிறாங்க. காசு வேணாம்னுட்டாங்க. "வருசத்துக்கு ஒருக்கா அந்தக் குட்டியைக் கூட்டிட்டு வந்து என் கண்ணுல காட்டணும், செத்தாலும் வந்து சொல்லணும்"னாங்க. சரின்னுட்டேன்.

மேலூர்க் கிடை

அந்த ஆடு கடிச்ச நாயைப் பத்தி ஒரு வார்த்தை. பிறந்ததுல இருந்து சங்கிலியில கிடந்தா எந்த ரத்தமும் அவுத்த அன்னைக்கு ஆட்டைத்தான் கடிக்கும். அதை வர்க்கத்துமேல எழுதாதீங்க. அதே ஈத்துதான செவலி.

கால்நடை மருத்துவர், திருமங்கலம்

செவலியின் அப்பன் வெளியிலிருந்து வந்த நாய் என்பது நல்ல செய்தி. சேர்க்கும் ஆண் நாய் அவள் தாய் வழியிலும் போடி நாய் வழியிலும் சொந்தம் இல்லாததாக இருக்கட்டும். சேர்ப்பதற்கு முன் இரண்டையும் அழைத்து வாருங்கள், உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பார்த்துவிடலாம். நம் பக்கத்தில் பார்க்க நன்றாக இருக்கும் நாயிலும் அது ஒளிந்திருக்கிறது. பூச்சி மருந்தும் கொடுத்துவிடுங்கள்.

சாப்டூர் தோட்டம்

அண்ணே, அந்த ஈத்துல இன்னொரு குட்டி இருந்தா எனக்கும் சொல்லிவைங்க. 3 வருசமா வேற நாய் எடுக்க மனசு வரல. இப்ப வருது.

உத்தமபாளையம் பழைய கை

தம்பி, என்கிட்ட ஒரு ஆண் நாய் இருக்கு, 6 வயசு, தள்ளி நின்னு குரைக்கிற ரகம். உங்க செவலி தாய் வழிக்கோ போடி நாய்க்கோ சொந்தம் இல்ல, 14 பேரும் எழுதித் தர்றேன். ஆனா இப்ப என் வீட்டுக்கு வராதீங்க. அதோட குட்டிகள் இருக்குற 6 வீட்டு முகவரியைத் தனிச் செய்தியில அனுப்பியிருக்கேன். ஒண்ணு செவிடு, அந்த வீடும் அதுல இருக்கு. எல்லாத்தையும் பார்த்துட்டு, அதுக்கு அப்புறமும் மனசு இருந்தா வாங்க.